'தி சிம்ப்சன்ஸ்' தரம் குன்றிவிட்டதா? ஓயாத விவாதத்தின் பின்னணி

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி, 'தி சிம்ப்சன்ஸ்' அனிமேஷன் நகைச்சுவைத் தொடரை மேலும் 4 சீசன்களுக்கு நீட்டிப்பதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது. இதன்படி, 1989-இல் தொடங்கிய அத்தொடர் 2029-ஆம் ஆண்டு வரை தொடர்ந்து, 40 சீசன்களை நிறைவு செய்யும்.

ஒவ்வொரு முறை நீட்டிக்கப்படும்போதும் இத்தொடரைப் பின்தொடரும் கேள்வி ஒன்று உண்டு. தொடக்க ஆண்டுகளில் இருந்த தரம் இப்போதும் அதில் இருக்கிறதா என்பதே அது. ஏறத்தாழ 30 ஆண்டுகளாக இக்கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. அதாவது, தொடரின் வயதில் பெரும்பகுதி, 'பழைய தரம் இல்லை' என்ற விமர்சனத்துடனேயே கழிந்திருக்கிறது. அந்த விமர்சனம் எப்போது, ஏன் எழுந்தது, அதில் எந்த அளவுக்கு உண்மை இருக்கிறது என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

தொடரின் வரலாறு

கேலிச்சித்திரக் கலைஞர் மேட் கிரெய்னிங் உருவாக்கிய சிம்ப்சன் குடும்பம், 'தி டிரேசி உல்மன் ஷோ' என்ற நகைச்சுவை நிகழ்ச்சியின் இடையே வரும் குறும்படங்களாக 1987 ஏப்ரல் 19-இல் முதன்முதலில் திரையில் தோன்றியது. கிரெய்னிங்குடன் ஜேம்ஸ் எல்.புரூக்ஸ், சாம் சைமன் ஆகியோர் இணைந்து அதை அரைமணி நேரத் தொடராக விரிவுபடுத்தினர். அதன் முதல் அத்தியாயம் 1989 டிசம்பர் 17-இல் ஒளிபரப்பானது.

ஸ்பிரிங்ஃபீல்டு என்ற கற்பனை ஊர். அங்குள்ள அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர். அவருடைய மனைவி மார்ஜ். பிள்ளைகள் பார்ட், லிசா, மேகி. இந்த ஐவரை மையமாக வைத்து அமெரிக்க நடுத்தர வர்க்க வாழ்வு, அரசியல், மதம், கல்வி, தொலைக்காட்சி என அனைத்தையும் தொடர் எள்ளி நகையாடியது.

அமெரிக்காவில் கார்ட்டூன் என்றால் சிறுவர்களுக்கானது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில், பெரியவர்களை மனதில் வைத்து முதன்மை நேரத்தில் ஒளிபரப்பான இத்தொடர் எதிர்ப்புகளையும் சந்தித்தது. பார்ட் உருவம் பொறித்த சட்டைகளுக்குச் சில பள்ளிகள் தடை விதித்தன. அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன் குடும்பத்தைப் போல இருப்பதைக் குறைத்துக்கொண்டு, பழைய தொலைக்காட்சித் தொடரில் வரும் வால்டன் குடும்பத்தைப் போல வாழ வேண்டும் என்று அப்போதைய அதிபர் ஜார்ஜ் எச்.டபிள்யூ.புஷ் 1992 ஜனவரியில் பேசினார்.

அந்த எதிர்ப்பு சில ஆண்டுகளிலேயே பாராட்டாக மாறியது. 1996-ஆம் ஆண்டுக்கான பீபாடி விருது இத்தொடருக்குக் கிடைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் சிறந்த தொலைக்காட்சித் தொடராக 'டைம்' இதழ் இதையே தேர்வு செய்தது. ஹோமர் அடிக்கடி எழுப்பும் 'டோ' என்ற சலிப்பொலி, 2001-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. 2018 ஏப்ரல் 29-இல் 636-ஆவது அத்தியாயம் ஒளிபரப்பானபோது, 'கன்ஸ்மோக்' தொடரின் சாதனையை முறியடித்து, முதன்மை நேரத்தில் மிக அதிக அத்தியாயங்களைக் கண்ட அமெரிக்கக் கதைத்தொடர் என்ற பெயரைப் பெற்றது.

'பொற்காலம்' என்பது எது?

ஏறத்தாழ 3-ஆவது சீசன் முதல் 8-ஆவது சீசன் வரையிலான காலமே, அதாவது 1991 முதல் 1997 வரையிலான ஆண்டுகளே தொடரின் பொற்காலம் என்பது விமர்சகர்களில் பலரது கருத்து. எல்லை எங்கே முடிகிறது என்பதில் ஓரிரு சீசன்கள் முன்னும் பின்னுமாகக் கருத்து வேறுபாடு உண்டு.

அந்தக் காலத்துச் சிறப்பைப் புரிந்துகொள்ள 1995 ஜனவரியில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம் போதுமானது. அணுமின் நிலைய வேலையை வெறுக்கும் ஹோமர், அதை உதறிவிட்டுத் தனக்குப் பிடித்த பந்து உருட்டும் விளையாட்டு அரங்கில் வேலைக்குச் சேர்கிறார். மூன்றாவது குழந்தை பிறக்கவிருப்பது தெரிந்ததும், குறைந்த வருவாயில் குடும்பத்தை நடத்த இயலாமல் பழைய முதலாளியிடமே திரும்பி வந்து மன்றாடுகிறார். 'நீ என்றென்றும் இங்கேதான் இருக்கப் போகிறாய் என்பதை மறவாதே' என்ற பொருளில் எழுதப்பட்ட பலகையை அவருடைய மேஜைக்கு எதிரே முதலாளி மாட்டி வைக்கிறார். மேகியின் புகைப்படம் வீட்டில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று பிள்ளைகள் கேட்பதுதான் அத்தியாயத்தின் தொடக்கம். இறுதிக் காட்சியில் அதற்கு விடை கிடைக்கிறது. புகைப்படங்கள் அனைத்தையும் ஹோமர் அந்தப் பலகையின் மீது ஒட்டி வைத்திருக்கிறார். மறைந்த எழுத்துகள் போக மீதமுள்ளவை, 'அவளுக்காகச் செய்' என்று பொருள்படுகின்றன.

அதுவரை வந்த சிரிப்புகள் அனைத்தும் அந்த ஒரு காட்சியில் வந்து சேர்வதைக் காணலாம். முட்டாள்தனமும் சோம்பலும் நிறைந்த ஒரு தந்தை, பிள்ளைக்காகத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதை உபதேசம் ஏதுமின்றி அது உணர்த்தியது. பிற்கால அத்தியாயங்களைக் குறை கூறுவோர் அளவுகோலாகக் கொள்வது இத்தகைய அத்தியாயங்களையே.

1997: திருப்புமுனை

சரிவு தொடங்கிய நாள் என்று ரசிகர்கள் பலர் குறிப்பிடுவது 1997 செப்டம்பர் 28. தொடரின் தொடக்கம் முதலே இடம்பெற்று வந்த பள்ளி முதல்வர் ஸ்கின்னர், உண்மையான ஸ்கின்னரே அல்லர். வேறொருவரின் பெயரில் வாழ்ந்து வரும் ஆள்மாறாட்டக்காரர் என்று அன்று ஒளிபரப்பான அத்தியாயம் கூறியது. பல ஆண்டுகளாகப் பழகிய ஒரு பாத்திரத்தை ஒரு திருப்பத்துக்காகப் பொய்யாக்கிவிட்டதாக எதிர்ப்பு எழுந்தது. ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே அக்கதையை வெளிப்படையாக விமர்சித்தார்.

அந்த ஓர் அத்தியாயத்தைவிட, அதைச் சுற்றி நிகழ்ந்த மாற்றங்களே முக்கியமானவை. தொடரின் எழுத்துக் கூடத்தில் உருவான பலர் அந்த ஆண்டுகளில் விலகிச் சென்றனர். ஊருக்குத் தேவையில்லாத மோனோரயிலை விற்க வரும் ஏமாற்றுக்காரனைப் பற்றிய புகழ்பெற்ற அத்தியாயத்தை எழுதிய கோனன் ஓபிரையன், 1993-இலேயே பின்னிரவு நிகழ்ச்சித் தொகுப்பாளராகிவிட்டார். கிரெக் டேனியல்ஸ், 'கிங் ஆஃப் தி ஹில்' தொடரை உருவாக்கச் சென்றார். டேவிட் எக்ஸ்.கோஹன், கிரெய்னிங்குடன் சேர்ந்து 1999-இல் 'ஃபியூச்சராமா' தொடரைத் தொடங்கினார். ஆலோசகராக இருந்த பிராட் பேர்ட் முழுநீளத் திரைப்படங்களின் பக்கம் திரும்பினார். 7, 8-ஆவது சீசன்களை வழிநடத்திய பில் ஓக்லி, ஜோஷ் வைன்ஸ்டைன் இருவரும் பொறுப்பிலிருந்து விலக, மைக் ஸ்கல்லி 9 முதல் 12-ஆவது சீசன் வரை தலைமையேற்றார்.

1998 மே மாதம் நடிகர் ஃபில் ஹார்ட்மன் மறைந்தார். அவர் குரல் கொடுத்த டிராய் மெக்ளூர், லயனல் ஹட்ஸ் ஆகிய இரு பாத்திரங்களும் அவருடன் ஓய்வு பெற்றன. அப்பாத்திரங்களின் இடத்தை வேறு எவராலும் நிரப்ப இயலவில்லை.

ஹோமர் மாறினாரா?

விமர்சனங்களில் அடிக்கடி இடம்பெறுவது ஹோமரின் குணமாற்றம். தொடக்கத்தில் அவர் தவறு செய்தால், அதன் விளைவு குடும்பத்தைப் பாதிக்கும்; அவரும் வருந்துவார். 1990-களின் பிற்பகுதியில் அவர் பிறருக்கு இழைக்கும் தீங்கே நகைச்சுவையாக்கப்பட்டது, வருத்தம் மறைந்தது. அடிபட்டு விழுவதும், திடீர் வேலை மாற்றங்களும், நம்ப இயலாத பயணங்களும் பெருகின.

இந்த மாற்றத்தைத் தொடரின் எழுத்தாளர்களே முன்கூட்டி உணர்ந்திருந்தனர் என்பதற்கு 1997 மே மாத அத்தியாயம் ஒன்று சான்று. வாழ்நாள் முழுவதும் உழைத்தும் முன்னேறாத ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற புதிய ஊழியர், எவ்விதத் தகுதியும் இன்றி வீடு, கார், குடும்பம் என வாழும் ஹோமரைக் கண்டு கொதித்துப்போகிறார். இறுதியில், ஹோமரைப் போலவே பொறுப்பின்றி நடந்து காட்ட முயன்று உயிரிழக்கிறார். இறுதிச் சடங்கில் ஹோமர் உறங்கிவிட, கூடியிருந்தோர் சிரிக்கின்றனர். தொடர் தன் நாயகனை மெய்யுலக நியாயத்தின் முன் நிறுத்திப் பார்த்த அத்தியாயம் இது. ஒளிபரப்பானபோது கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன. இன்று சிறந்த அத்தியாயங்களில் ஒன்றாக எண்ணப்படுகிறது.

கேள்வியைத் தொடரே எழுப்பியது

தரம் குறித்த விவாதத்தில் வியப்புக்குரிய செய்தி, அதை முதலில் முறையாக முன்வைத்தது இத்தொடரே என்பதுதான். 1997 பிப்ரவரி 9-இல் 167-ஆவது அத்தியாயம் ஒளிபரப்பானது. முதன்மை நேர அனிமேஷன் தொடர்களில் 166 அத்தியாயங்களுடன் முன்னிலையில் இருந்த 'தி ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' அன்று பின்தள்ளப்பட்டது. அந்தச் சாதனை நாளில் கொண்டாட்டக் கதைக்குப் பதிலாக, நீண்டகாலம் ஓடும் தொடர் ஒன்று முதுமை அடைவதைப் பற்றிய கதையை எழுத்தாளர்கள் அளித்தனர்.

கதைக்குள் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் 'இட்சி அண்ட் ஸ்கிராட்சி' என்ற கார்ட்டூனுக்குப் பார்வையாளர்கள் குறைகின்றனர். தயாரிப்பாளர்கள் பூச்சி என்ற நாய்ப் பாத்திரத்தைப் புதிதாகப் புகுத்துகின்றனர். அதற்குக் குரல் கொடுப்பவர் ஹோமர். ரசிகர்கள் வெறுக்கின்றனர். இதுவரை வந்ததிலேயே மோசமான அத்தியாயம் இதுதான் என்று காமிக்ஸ் கடைக்காரர் தீர்ப்பளிக்கிறார். பல ஆயிரம் மணி நேர மகிழ்ச்சியை இலவசமாகத் தந்தவர்கள் உங்களுக்கு இன்னும் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று பார்ட் அவரிடம் கேட்கிறான்.

லிசா கூறும் விளக்கமே இதில் கருதத்தக்கது. கார்ட்டூனின் தரம் குறையவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அப்பாத்திரங்களால் பழைய தாக்கத்தை ஏற்படுத்த இயலவில்லை, அவ்வளவே என்கிறாள் அவள். 'மோசமாகிவிட்டது', 'பழகிவிட்டது' ஆகிய இரண்டையும் பார்வையாளரால் எளிதில் பிரித்தறிய முடியாது என்பதை இத்தொடர் தன் 8-ஆவது ஆண்டிலேயே கூறிவிட்டது.

வயது ஏறாத குடும்பம்

பார்ட்டுக்கு என்றும் வயது 10, லிசாவுக்கு 8. ஆனால், அவர்களைச் சுற்றியுள்ள உலகம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1991-இல் ஒளிபரப்பான அத்தியாயத்தின்படி, ஹோமரும் மார்ஜும் 1974-இல் உயர்நிலைப் பள்ளியில் சந்தித்துக் காதல் கொண்டனர். 2008 ஜனவரியில் வந்த அத்தியாயமோ, அவர்களது இளமைக் காலத்தை 1990-களுக்கு மாற்றியது. பழைய கதைகளுடன் வளர்ந்த ரசிகர்கள் இதைத் தங்கள் நினைவில் கைவைத்த செயலாகக் கருதினர்.

மறுபுறம், கதாபாத்திரங்களுக்கு உயிர் கொடுப்போருக்கு வயதாகிறது. ஆசிரியை எட்னா கிரபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013-இல் மறைந்ததும் அப்பாத்திரம் விடைபெற்றது. பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸின் குரலான பமீலா ஹேடன் 2024-இல் ஓய்வு பெற்றார். மார்ஜுக்குக் குரல் தரும் ஜூலி கவ்னர் 1950-இல் பிறந்தவர். தொடக்கக் காலப் பதிவுகளுடன் ஒப்பிட்டால் அவரது குரலில் ஏற்பட்டுள்ள மாற்றத்தை எளிதில் உணரலாம்.

தோற்றமும் மாறியது. கையால் வண்ணம் தீட்டப்பட்ட படத்தாள்களுக்குப் பதிலாக 2002 முதல் கணினி வழி வண்ணம் தீட்டப்படுகிறது. 2009 பிப்ரவரி முதல் உயர் தெளிவுத் திரைக்கேற்ப தயாரிக்கப்படுகிறது. 27 ஆண்டுகள் இசையமைத்த ஆல்ஃப் கிளாசன் 2017-இல் நீக்கப்பட்டதும் ரசிகர்களிடையே வருத்தத்தை ஏற்படுத்தியது.

அபு: இந்தியாவைத் தொட்ட சர்ச்சை

இத்தொடர் இந்தியாவில் அதிகம் பேசப்பட்டதற்குக் காரணம், 'குவிக்-இ-மார்ட்' கடையை நடத்தும் இந்தியரான அபு நஹசபீமபெட்டிலான் பாத்திரம். 1990 முதல் இப்பாத்திரத்துக்கு மிகைப்படுத்தப்பட்ட இந்திய உச்சரிப்பில் குரல் கொடுத்தவர், அமெரிக்க நடிகர் ஹேங்க் அஸாரியா. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தியர்களே அரிதாக இருந்த காலத்தில், அங்கு வளர்ந்த இந்திய வம்சாவளிச் சிறுவர்கள் பலர் அந்த உச்சரிப்பாலேயே பள்ளியில் கேலிக்கு ஆளாயினர். இதை மையப்படுத்தி, இந்திய வம்சாவளி நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு உருவாக்கிய ஆவணப்படம் 2017 நவம்பரில் வெளியானது.

அதற்குத் தொடர் 2018 ஏப்ரலில் பதிலளித்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்பு பாராட்டப்பட்ட ஒன்று இப்போது தவறாகிவிட்டால் என்ன செய்ய முடியும் என்று லிசா திரையை நோக்கிக் கேட்கிறாள். அருகே அபுவின் புகைப்படம் தெரிகிறது. அநீதி எதையும் கேள்வி கேட்கும் லிசாவின் வாயிலாகவே இந்தக் கைவிரிப்பு வந்தது, தொடரின் கூர்மை மழுங்கியதற்கு அடையாளமாகச் சுட்டப்பட்டது.

ஒப்பிடுகையில், 1996-இல் இதே அபுவைக் கொண்டு, குடியேறிகளை நாடு கடத்தக் கோரும் உள்ளூர் வாக்கெடுப்பைத் தொடர் கடுமையாகச் சாடியிருந்தது. கேலிப் பொருளாக இருந்த ஒரு பாத்திரத்துக்கு மனித முகம் தரவும் அந்த எழுத்துக் கூடத்தால் அப்போது முடிந்தது.

அபுவுக்கு இனிக் குரல் கொடுக்கப் போவதில்லை என்று அஸாரியா 2020 ஜனவரியில் அறிவித்தார். வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளையினக் கலைஞர்கள் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று அதே ஆண்டு ஜூனில் தயாரிப்புக் குழு தெரிவித்தது. 2021-இல் அஸாரியா இந்தியர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கோரினார்.

எண்கள் கூறுவது என்ன?

1990 அக்டோபரில் ஒளிபரப்பான 2-ஆவது சீசனின் முதல் அத்தியாயத்தை ஏறத்தாழ 3.36 கோடி பேர் பார்த்ததாகக் கணிக்கப்பட்டது. அண்மைக் கால அத்தியாயங்கள் பலவற்றின் நேரடி ஒளிபரப்பை 20 லட்சத்துக்கும் குறைவானோரே பார்த்துள்ளனர்.

எனினும், இதைத் தரக் குறைவுக்குச் சான்றாக அப்படியே கொள்ள இயலாது. கேபிள், இணையம், ஓடிடி ஆகியவற்றின் வருகையால் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சி முழுவதுமே பார்வையாளர்களை இழந்துள்ளது. மேலும், சரிவுக் காலம் என்று கூறப்படும் ஆண்டுகளில் வெளியான 'தி சிம்ப்சன்ஸ் மூவி' (2007) உலகெங்கும் 53 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. டொனால்ட் டிரம்ப் அதிபரானதை முன்கூட்டியே கூறியதாக இன்றும் பகிரப்படும் அத்தியாயம் 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பொற்காலத்துக்குப் பிந்தைய கதைகளும் மக்கள் நினைவில் நிற்கின்றன.

நேர்க்கோட்டுச் சரிவு அல்ல

பிந்தைய ஆண்டுகளிலும் பாராட்டுப் பெற்ற அத்தியாயங்கள் உண்டு. குடும்பத்தின் எதிர்காலத்தைக் காட்டிய 2011 டிசம்பர் அத்தியாயம், பார்ட்டின் வளர்ச்சியைப் பல ஆண்டுகளினூடே சித்தரித்த 2015 டிசம்பர் அத்தியாயம் ஆகியவை அவற்றில் சில. 2021 முதல் மேட் செல்மன் முதன்மைப் பொறுப்பேற்ற பிறகு, வழக்கமான அமைப்பை மீறும் கதைகள் அதிகரித்தன. 2021 நவம்பரில் வெளியான இரு பகுதிக் குற்றக் கதையும், ஜப்பானிய அனிமே பாணியில் வரையப்பட்ட 2022-ஆம் ஆண்டின் திகில் சிறப்புப் பகுதியும் நல்ல வரவேற்பைப் பெற்றன.

2024 செப்டம்பரில் 36-ஆவது சீசன், 'இறுதி அத்தியாயம்' என்ற போலி அறிவிப்புடன் தொடங்கியது. அதைத் தொகுத்து வழங்கியவர் பழைய எழுத்தாளர் கோனன் ஓபிரையன். நீண்ட தொடர்கள் விடைபெறும்போது வழக்கமாகக் காட்டும் உருக்கமான காட்சிகள் ஒவ்வொன்றாக அரங்கேற, தன் உலகம் முடிவதை பார்ட் எதிர்க்கிறான்.

அதே சீசன் 2025 மே மாதம் நிறைவடைந்தபோது, மார்ஜ் இறந்துவிட்ட எதிர்காலம் ஒன்று காட்டப்பட்டது. சேர்ந்து பார்த்து வந்த கார்ட்டூனைக் கைவிட்ட பார்ட்டும் லிசாவும் காலப்போக்கில் விலகிப்போக, தாய் விட்டுச் சென்ற காணொலிச் செய்தி அவர்களை இணைக்கிறது. மார்ஜ் 'கொல்லப்பட்டுவிட்டார்' என்று உலகெங்கும் செய்தி பரவியது. எதிர்காலக் கதைகள் அனைத்தும் கற்பனையே என்றும், மார்ஜ் தொடர்ந்து இடம்பெறுவார் என்றும் தயாரிப்புக் குழு விளக்கமளிக்க நேரிட்டது. தரம் இழந்ததாகக் கூறப்படும் தொடரின் ஒரு பாத்திரத்துக்காக இத்தனை பேர் கலங்கியது குறிப்பிடத்தக்கது.

மற்ற தொடர்களின் நிலை

இந்தச் சிக்கல் சிம்ப்சனுக்கு மட்டும் உரியதன்று. 1999-இல் தொடங்கிய 'ஃபேமிலி கை' 2002-இல் நிறுத்தப்பட்டு, டிவிடி விற்பனையாலும் மறுஒளிபரப்பாலும் 2005-இல் மீண்டும் உயிர்பெற்றது. அதன் பிந்தைய சீசன்கள் மீதும் இதே குறை கூறப்படுகிறது. 1997 முதல் வரும் 'சவுத் பார்க்', ஓர் அத்தியாயத்தை ஏறத்தாழ 6 நாள்களில் தயாரிக்கும் முறையைக் கையாள்வதால், நடப்புச் செய்திகளை உடனுக்குடன் கேலி செய்ய முடிகிறது. சிம்ப்சன் அத்தியாயம் ஒன்றுக்குப் பல மாதங்கள் தேவைப்படுகின்றன. அதன் ஓவியப் பணியின் பெரும்பகுதி தென்கொரியாவின் சோல் நகரில் நடைபெறுகிறது. எனவே, அன்றாட அரசியலைவிடக் குடும்ப உறவுகளைச் சொல்வதே அதன் இயல்பான பலமாக இருந்து வருகிறது.

ஏன் நிறுத்தப்படவில்லை?

தொடரை நிறுத்துவதற்கான பொருளாதாரக் காரணம் எவருக்கும் இல்லை. 2011-இல் செலவைக் குறைக்க, குரல் கலைஞர்களின் ஊதியத்தை 45 சதவீதம் வெட்ட வேண்டும் என்று நிறுவனம் வலியுறுத்தியபோது, தொடர் முடிவுக்கு வரும் நிலை ஏற்பட்டது. ஊதியக் குறைப்புடன் உடன்பாடு எட்டப்பட்டது. 2014 ஆகஸ்டில் எஃப்எக்ஸ்எக்ஸ் அலைவரிசை, அதுவரை வெளியான 552 அத்தியாயங்களையும் 12 நாள்கள் இடைவிடாமல் ஒளிபரப்பி, பழைய அத்தியாயங்களின் மதிப்பை நிரூபித்தது.

2019-இல் ஃபாக்ஸின் திரைப்பட, தொலைக்காட்சித் தயாரிப்புப் பிரிவுகளை டிஸ்னி வாங்கியபோது இத்தொடரும் கைமாறியது. டிஸ்னியின் ஓடிடி தளத்தில் பழைய அத்தியாயங்கள் அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டு வெளியாயின. இதனால், பல நகைச்சுவைகள் சட்டகத்துக்கு வெளியே போயின. வெவ்வேறு பெயர்களில் விற்கப்படும் மூன்று வகை பீர்களும் மேலே ஒரே குழாயிலிருந்து வருவதைக் காட்டும் காட்சி அவற்றில் ஒன்று. ரசிகர்களின் எதிர்ப்பை அடுத்து, அசல் வடிவிலும் பார்க்கும் வசதி 2020 மே மாதம் அளிக்கப்பட்டது.

புதிய அத்தியாயம் ஒவ்வொன்றும் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. அது போட்டியிடுவது பிற தொடர்களுடன் மட்டுமன்று. அதே திரையில், ஒரு தொடுதலில் கிடைக்கும் தன் சொந்தப் பொற்காலத்துடனும் போட்டியிட வேண்டியிருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் ஏற்பட்ட சரிவு உண்மையானது. அதற்கான காரணங்களும் தெளிவானவை. அதற்குப் பின் வந்தவை அனைத்தும் வீண் என்ற முடிவுக்கு மட்டும் சான்றில்லை. சிரிப்பை அந்தக் குடும்பத்தின் பாசத்துடன் பிணைக்கும்போதெல்லாம் தொடர் மீண்டும் வரவேற்பைப் பெற்றிருக்கிறது.

இத்தொடரின் இரண்டாவது திரைப்படம் 2027-இல் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. தற்போதைய ஒப்பந்தப்படி 40-ஆவது சீசன் 2029-இல் நிறைவடையும்போதும் பார்ட்டின் வயது 10-ஆகவே இருக்கும்.